வாசிக்காமல் விட்ட பட்டியல்

ஆதிமூலம் என்ற பெயரைச் சப்ரின் முதன்முதலில் கேட்டது வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள், சாயங்காலம் ஆறு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது. கிளம்பலாம் என்று பையை எடுத்தவளை முதலாளி சிவசங்கர் உட்காரச் சொன்னார்.

“இப்போ ஆதிமூலம்னு ஒருத்தர் போன் பண்ணுவாரு. நீ எடு. ஒண்ணும் இருக்காது. கம்ப்யூட்டர நிறுத்தலாமான்னு கேப்பாரு. நிறுத்துங்கன்னு சொல்லு, அவ்ளோதான்.”

“தெனமும் கேப்பாரா சார்?”

“ஆறு வருசமா கேக்கறாரு. ஒரு நாளு நான் போன எடுக்கல. மறுநாளு காலைல போய்ப் பாக்கறன், கம்ப்யூட்டரு விடிய விடிய ஓடிக்கினு இருந்திருக்குது.”

சொல்லி வாய் மூடவில்லை, போன் அடித்தது. நிறுத்தலாமா பாப்பா என்று ஒரு தடித்த குரல் கேட்டது. நிறுத்துங்க ஐயா என்றாள். சரி பாப்பா, பத்திரமா வூடு போய்ச் சேரு என்று வைத்துவிட்டது. அதற்கப்புறம் இரண்டு வருஷம், ஞாயிற்றுக்கிழமை நீங்கலாக, அந்தக் குரல் இல்லாமல் அவளுக்கு ஒரு நாளும் முடிந்ததில்லை.

அந்த அலுவலகம் கள்ளக்குறிச்சியில் ஒரு இரும்புக்கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. எடைமேடைகளுக்குக் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதித் தருகிற இடம். லாரி மேடை மேல் ஏறி நின்றால் எத்தனை கிலோ என்று திரையில் காட்டும். உள்ளே இருக்கிறவர் பொத்தானை அழுத்தினால் கேமரா வண்டியைப் படம் பிடித்துக் கம்ப்யூட்டரில் வைக்கும், எடை மட்டும் போட்ட சீட்டு அச்சாகி வரும். இந்தப் பக்கத்தில் பதினோரு எடைமேடைகளில் அவர்கள் புரோகிராம்தான் ஓடுகிறது. சப்ரின் வேலை அதைப் புதுப்பித்துப் புதுப்பித்து அனுப்புவது.

சப்ரின் பாத்திரக்கடை சாதுல்லா பாயின் இரண்டாவது மகள். பாய் வீட்டுப் பெண்களில் படிப்பை முடித்துவிட்டு வேலைக்கு என்று வெளியே கிளம்பியவள் அவள்தான் முதல். பெரியப்பா வீட்டில் ஒருத்தி டீச்சர் டிரெயினிங் வரைக்கும் போய் நின்றுவிட்டாள். அத்தை மகள் நிச்சயதார்த்தத்தோடு நிறுத்திக்கொண்டாள். சப்ரினுக்காக அம்மா ஜீனத்துன்னிசா நாற்பது நாள் சாதுல்லாவிடம் மன்றாடி வாங்கிய அனுமதி அது. ஒரு தப்பு வந்தால் போதும், வீட்டோடு இரு என்று சொல்ல வாய்கள் காத்திருந்தன. இதை மனதில் வைத்துக்கொண்டுதான் மேற்கொண்டு கேட்க வேண்டும். அவள் செய்த காரியத்துக்கு அது சாக்கு ஆகாது. ஆனாலும் அது இருந்தது.

ஆதிமூலம் யாரென்றால், கரும்பு வண்டிக்காரர் சுப்புராயனின் மகன். பெற்றவள் பிரசவத்திலேயே போய்விட்டதால், சுப்புராயனின் கடைசித் தங்கை பெரியநாயகி கல்வராயன் மலைக்குத் தூக்கிப்போய்க் கரியாலூரில் வைத்து வளர்த்தாள். எட்டு வயதில் கீழே இறங்கி வந்தார். நாலாம் வகுப்போடு படிப்பு நின்றது. பத்தொன்பது வயதில் கச்சிராயபாளையம் சாலையில் இருக்கும் எடைமேடையில் சேர்ந்தார். விசில் ஊதி லாரியின் சக்கரம் மேடையை விட்டு வழுவாமல் ஏற்றி நிறுத்துவதுதான் முதல் வேலை. பதினைந்து வருஷம் கழித்து உள்ளே உட்கார வைத்தார்கள். ஐம்பதாவது வயதில் கம்ப்யூட்டர் வந்தது. சிவசங்கர் நேரில் போய் ஒரு வாரம் சொல்லிக்கொடுத்தார். இங்கிலீஷ் எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தேடி ஒற்றை விரலால் குத்துவார். ஆனால் எட்டு வருஷத்தில் ஒரு சீட்டுகூடத் தப்பாக வந்ததில்லை. கல்யாணமாகி மனைவி இருக்கிறார், பிள்ளை இல்லை.

பிள்ளை இல்லாதவர், ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் அந்த மேடையில் ஏற்றினார். அது இப்படி ஆரம்பித்தது.

ஆயுத பூஜை அன்றைக்கு மத்தியானத்துக்கு மேல் எடைமேடைக்கு வண்டி வராது. மேடையைக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, பொரி கடலை கொடுத்துக்கொண்டிருப்பார்கள். ஒரு வருஷம் கருணாபுரத்து லோடுமேன் பழனி, பக்கத்து ரைஸ்மில்லில் மூட்டை தூக்குகிறவன், பொரி வாங்க வந்தவன், மனைவி ரங்கம்மாளையும் மகள் அபிநயாவையும் இழுத்துக்கொண்டு மேடை நடுவில் போய் நின்றான். எங்க குடும்பம் எவ்ளோ வெயிட்டு மூலண்ணா, பாத்துச் சொல்லு என்றான். லாரிக்கான மேடை பத்துப் பத்துக் கிலோவாகத்தான் காட்டும். ஒற்றை ஆளை நிறுத்தினால் சரியாக வராது, குடும்பமாக நின்றால்தான் ஒரு கணக்கு வரும். நூற்று முப்பது என்று காட்டியது. ஆதிமூலம் பொத்தானை அழுத்தினார். கேமரா படம் பிடித்தது. வண்டி எண் போடுகிற கட்டத்தில் பழனி என்று ஒவ்வொரு எழுத்தாகக் குத்திச் சீட்டு எடுத்துக் கொடுத்தார்.

அன்றைக்கே இன்னும் ஆறு குடும்பம் ஏறியது. அடுத்த வருஷம் பதினாறு. அப்புறம் அது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. போன ஆயுத பூஜைக்கு நாற்பத்தேழு குடும்பம் வரிசையில் நின்றது. புதுத்துணி போட்டுக்கொண்டு, தலை சீவிக்கொண்டு வந்து நின்றார்கள். போன வருஷத்துக்கு இந்த வருஷம் எத்தனை ஏறியிருக்கிறது என்று சீட்டை வைத்துப் பேசிச் சிரிப்பார்கள்.

எடைமேடைக் கேமரா எடுக்கிற படங்களைப் புரோகிராம் மூன்று மாதத்தில் தானே அழித்துவிடும். இல்லாவிட்டால் இடம் நிரம்பிப் போகும். அதனால் ஆதிமூலம் குடும்பப் படங்களை மட்டும் எடுத்துத் தனியாக வைத்தார். எங்கே வைத்தார்? புரோகிராம் குடியிருக்கிற இடத்துக்குள்ளேயே. எட்டு வருஷத்துக்கு முன்னால் சிவசங்கர் அந்த இடத்தைத் திரையில் காட்டி, இதுக்குள்ள மட்டும் யாரும் கைய வைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். யாரும் கை வைக்கக் கூடாத இடத்தைவிடப் பத்திரமான இடம் வேறு எது? அவர் அப்படித்தான் நினைத்தார். அப்படி நினைத்ததில் ஒரு தப்பும் இல்லை.

இப்போது சப்ரின் செய்ததற்கு வருவோம்.

புரோகிராமில் எதை மாற்றினாலும் அதைப் புதிதாக ஒரு பேக்கேஜாகக் கட்ட வேண்டும். சீர்வரிசை மூட்டை கட்டுகிற மாதிரிதான். வேண்டியதெல்லாம் உள்ளே இருக்க வேண்டும், வேண்டாதது ஒன்றும் கூடாது. அந்த மூட்டை ஊர் ஊராகப் போய் ஒவ்வொரு எடைமேடைக் கம்ப்யூட்டரிலும் தானே பிரிந்து உட்கார்ந்துகொள்ளும். தீபாவளிக்குப் பின் அவள் கட்டிய ஒரு பேக்கேஜில் வேண்டாதது ஒன்று ஏறிவிட்டது. அவளுடைய கம்ப்யூட்டரில் முன்பு எப்போதோ போட்டுப் பார்த்த பழைய புரோகிராமின் மிச்சம் கிடந்தது. அதில் யாரோ ஒரு ரைஸ்மில்லின் சீட்டுத் தலைப்பு இருந்தது. உளுந்தூர்பேட்டைப் பக்கம் ஒரு எடைமேடையில் இரண்டு நாள் முழுக்கச் சீட்டெல்லாம் அந்த மில்லின் பெயரில் வந்தது. லாரிக்காரர்கள் திரும்பி வந்து சண்டை போட்டார்கள்.

சிவசங்கர் சத்தம் போடவில்லை. பழசு பழசாக் கெடக்குது, கூட்டறதுக்குத்தான் ஆளில்ல என்று மட்டும் சொன்னார். சப்ரினுக்கு முகம் சுருங்கிப்போனது.

அதற்குப் பிறகு அவள் கூட்டினாள். தன் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு முறையும் பேக்கேஜ் கட்டுமுன், கட்டுகிற இடத்தைத் துடைத்து வெறுமையாக்கிவிட்டுத்தான் கட்டினாள். அது சரி. அதோடு நிற்கவில்லை. போய்ச் சேருகிற இடத்திலும் பழைய மிச்சம் இருக்குமே என்று, பேக்கேஜுக்குள்ளேயே ஒரு கட்டளை எழுதினாள். எடைப் பதிவு, எடைமேடையின் பெயர், பிரிண்டர் அமைப்பு, மூன்று மாதத்து வண்டிப் படங்கள், இந்த நாலை மட்டும் விட்டுவை. புரோகிராம் குடியிருக்கிற இடத்தில் வேறு என்ன கிடந்தாலும் அழித்துவிட்டு அப்புறம் உட்கார். பழைய குடித்தனக்காரர் விட்டுப்போன ஓட்டைச் சட்டியும் கிழிந்த பாயும்தான் அங்கே கிடக்கும் என்று நினைத்தாள். வீட்டில் இன்னும் ஆள் குடியிருப்பது அவள் நினைவுக்கு வரவில்லை.

கண்ணை மூடிக்கொண்டு செய்தாள் என்றும் சொல்ல முடியாது. அழிப்பதற்கு முன்னால் எதையெல்லாம் அழிக்கப் போகிறேன் என்று பட்டியல் காட்டும்படி எழுதியிருந்தாள். மாடியில் உட்கார்ந்தபடியே ஒவ்வொரு எடைமேடைத் திரையையும் தன் திரையில் திறந்து, பட்டியலைப் பார்த்து, சரி என்று அழுத்த வேண்டும். தை மாதம் ஒரு சனிக்கிழமை பதினோரு இடத்தையும் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தாள். முதல் மூன்று இடத்தில் பட்டியலைப் பெயர் பெயராக வாசித்தாள். எல்லாம் குப்பை. நாலாவது இடத்திலிருந்து வாசிக்கவில்லை, எண்ணிக்கையை மட்டும் பார்த்தாள். முப்பத்தொன்று. நாற்பது. முப்பத்தெட்டு.

ஒன்பதாவதாக ஆதிமூலத்தின் எடைமேடை. போன் போட்டுச் சொன்னாள், புதுசு ஏத்தறேன் ஐயா, பத்து நிமிஷம் எதையும் தொடாதீங்க என்று.

“எல்லாம் அப்பிடியே இருக்கும்ல பாப்பா?” என்று கேட்டார் ஆதிமூலம்.

“அப்பிடியே இருக்கும்யா.”

பட்டியல் வந்தது. முந்நூற்றுப் பதினெட்டு என்று காட்டியது. அவள் விரல் நின்றது. மற்ற இடத்திலெல்லாம் முப்பது நாற்பது, இங்கே மட்டும் ஏன் இத்தனை என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. பழைய கம்ப்யூட்டர், எட்டு வருஷத்துக் குப்பை என்று அவளே ஒரு பதிலையும் சொல்லிக்கொண்டாள். பட்டியலைக் கொஞ்சம் கீழே தள்ளியிருந்தால் போதும். பழனி, பழனி, பழனி என்று வருஷத்துக்கு ஒன்றாக நின்றிருக்கும். தள்ளவில்லை. அழுத்தினாள். குப்பைத்தொட்டியில்கூட விழாமல் எல்லாம் ஒரேயடியாகப் போயின.

மாசி பிறந்தது. பழனி செத்து ஒரு வருஷம் ஆகப் போகிறது. மில்லில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான், அப்புறம் எழவில்லை. சாவு வீட்டில் மாலை போட வைத்தது அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கிய படம். கறுத்து, வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, யாரோ மாதிரி இருந்தது. செல்போனில் படம் இல்லையா என்றால் இருந்தது; பழனிதான் எப்போதும் போனைப் பிடித்து எடுக்கிறவன், அதனால் எந்தப் படத்திலும் அவன் இல்லை. பிடிக்க ஆள் தேவைப்படாத கேமரா எடைமேடைக் கேமரா ஒன்றுதான். அங்கேதான் அவன் பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றிருந்தான். வருஷ திதிக்கு அந்தப் படத்தைப் பெரிதாக்கி மாட்ட வேண்டும் என்று ரங்கம்மாள் ஆதிமூலத்திடம் வந்து கேட்டாள். அதுக்கென்னம்மா, எல்லாம் பத்திரமா இருக்குது என்று சொல்லிக்கொண்டே அவர் திறந்தார்.

மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு அலுவலகத்துக்குப் போன் வந்தது. ஆறு மணிக்குத்தானே கூப்பிடுவார் என்று நினைத்துக்கொண்டே சப்ரின் எடுத்தாள். படமெல்லாம் காணோம் பாப்பா என்றார். என்ன படம் என்று கேட்டாள். அவர் சொன்னார், ஆயுத பூஜையிலிருந்து ஆரம்பித்து, நிதானமாக, ஒவ்வொன்றாக. அவர் சொல்லச் சொல்ல அவள் தன் பேக்கேஜ் எழுதிவைத்திருந்த குறிப்பைத் திறந்தாள். அழித்ததையெல்லாம் பெயரோடு எழுதிவைக்கும்படி அவள்தான் செய்திருந்தாள். அன்றைக்கு வாசிக்காமல் விட்ட பட்டியலை இப்போது வாசித்தாள். எண்பத்தாறு குப்பை. இருநூற்று முப்பத்திரண்டு படம்.

நாலடி தள்ளிச் சிவசங்கர் உட்கார்ந்திருந்தார். நாலு மாதத்துக்குள் இரண்டாவது தப்பு. அப்பா முகம் வந்தது, அம்மா மன்றாடிய நாற்பது நாள் வந்தது. வாய் தானாகப் பேசியது.

“ஐயா, நீங்க தெரியாம எதனா அழுத்தியிருப்பீங்க.”

அந்தப் பக்கம் ஆதிமூலம் யோசித்துப் பார்க்கிறார். கம்ப்யூட்டரை நிறுத்தக்கூட எட்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டு நிறுத்துகிற மனுஷன், தான் எப்போது எதை அழுத்தியிருப்போம் என்று யோசிக்கிறார்.

“அப்பிடியா பாப்பா. இருக்கும். வெரலு தடிச்சுப் போச்சு” என்றார்.

அன்றைக்கு ஆறு மணிக்குப் போன் வரவில்லை.

சப்ரின் சும்மா இருக்கவில்லை. மறுநாள் சாப்பாட்டு நேரத்தில், வேறு வேலை என்று சொல்லிவிட்டு, அந்தக் கம்ப்யூட்டரில் அழிந்ததைத் தேடி எடுக்கும் புரோகிராமை ஓட்டினாள். ஆனால் அழித்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. ஒரு நாளைக்கு எழுபது லாரி, எழுபது படம். அழிந்த இடத்தின் மேலேயே புதுப் படங்கள் போய் உட்கார்ந்துவிட்டன. ஒன்பதுதான் கிடைத்தது, அதுவும் பாதிப் பாதி. மேலே தகரக் கொட்டகையும் வாழைக்கன்றின் நுனியும் தெரியும், கீழே முகம் வரவேண்டிய இடத்தில் வெறும் சாம்பல் நிறம்.

நாலாம் நாள் அந்த எடைமேடையிலிருந்து வேறு ஒரு குரல் வந்தது, பிரிண்டரில் பேப்பர் மாட்டிக்கொண்டது என்று. தன் பெயர் கவியரசன், புதிதாக உட்கார்ந்திருக்கிறேன் என்றது. ஆதிமூலம் ஐயா எங்கே என்று கேட்டாள்.

“அவரு இனிமே உள்ள உக்கார மாட்டேன்னு ஓனர் கால்ல வுழாத கொறையா சொல்லிட்டாருங்க. வெளிய விசில் ஊதிக்கினு இருக்காரு. மூணு நாளா வேல முடிஞ்சதும் வூடு வூடாப் போறாரு. என் கைதான் பட்டுடுச்சு, மன்னிச்சுக்கங்கன்னு ஒவ்வொரு வூட்டுலயும் சொல்லிக்கினு வராரு. நம்மூட்டுக்கும் வந்தாரு.”

சப்ரினுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. ஜீனத்துன்னிசா நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, காய்ச்சல் இல்லையே என்றாள். காய்ச்சலாக இருந்திருந்தால் மாத்திரை போட்டிருக்கலாம்.

சிவசங்கரிடம் சொன்னாள். ஒளிக்காமல் எல்லாம் சொன்னாள், முந்நூற்றுப் பதினெட்டைப் பார்த்தும் அழுத்தியதையும், போனில் சொன்ன பொய்யையும். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். கெட்ட மனுஷன் இல்லை அவர். ஆனால் பதினோரு எடைமேடையை வைத்துப் பிழைக்கிறவர்.

“பெரியவரே ஒத்துக்கினு முடிஞ்சி போச்சி. நீ போய்க் கிளறாத. நம்ம பேக்கேஜு அழிச்சிதுன்னு தெரிஞ்சா மத்த எடத்துலயும் கேப்பாங்க. படம் திரும்பியா வரப்போவுது?”

படம் திரும்பி வராது என்பது நிஜம். அந்த நிஜத்தைப் பிடித்துக்கொண்டு பதினைந்து நாள் ஓட்டினாள். பழனியின் வருஷ திதி, அடையாள அட்டைப் படத்தோடு, அந்தப் பதினைந்து நாளுக்குள்தான் நடந்து முடிந்தது. தினமும் ஆறு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது அவள் கை தானாகப் போனைப் பார்த்துத் திரும்பும். அவர் இந்நேரம் யார் வீட்டு வாசலில் நிற்கிறாரோ என்று நினைப்பு ஓடும். நாற்பத்தேழு வீடு. நாளுக்கு மூன்று நாலு என்று வைத்தால் இன்னும் எத்தனை வீடு பாக்கி என்று மனது கணக்குப் போடும். தான் வாயைத் திறந்தால் அடுத்த வீட்டு வாசலில் அவர் நிற்க வேண்டியதில்லை. திறக்கவில்லையே.

பதினாறாம் நாள் காலையில் அலுவலகத்துக்குப் போகாமல் கச்சிராயபாளையம் பஸ்ஸில் ஏறினாள். பையில் ஆறு சீட்டு வைத்திருந்தாள். அது என்ன என்று பிறகு சொல்கிறேன்.

எடைமேடையில் நெல் லாரிகள் வரிசையாக நின்றன. ஆதிமூலம் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, வாயில் விசிலோடு, கையை ஆட்டி ஆட்டி வண்டியை ஏற்றிக்கொண்டிருந்தார். அவரை அவள் அதுவரை நேரில் பார்த்ததே இல்லை. குரலை வைத்துப் பெரிய உருவம் என்று நினைத்திருந்தாள். குள்ளமான, ஒடிசலான மனுஷன். பேசியதும் தெரிந்துகொண்டார். இன்னா பாப்பா இவ்ளோ தூரம், டீ குடிக்கிறியா என்றார்.

அவள் நின்றபடியே சொன்னாள். நடுவில் இரண்டு லாரி வந்தது. அவர் போய் விசில் ஊதி ஏற்றிவிட்டு வந்து, சொல்லு என்றார். அவள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். முடித்ததும் அவர் தன் வலது கையை விரித்து அதையே பார்த்தார்.

“அப்போ நானு தொடல.”

“நீங்க தொடவே இல்லய்யா. நான்தான்.”

“அன்னிக்கிப் போன்ல, நானு அழுத்தியிருப்பன்னு சொன்னியே. அப்பவே தெரியுமா ஒனக்கு?”

இந்தக் கேள்வி வரக்கூடாது என்றுதான் பஸ்ஸில் வரும்போதெல்லாம் வேண்டிக்கொண்டு வந்தாள். இல்லை என்று சொல்லியிருக்கலாம். யாரும் போய்ப் பார்க்கப் போவதில்லை.

“தெரியும்யா” என்றாள்.

அவர் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். திட்டுவார் என்று நின்றாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அழிஞ்சத வுடு பாப்பா. கம்ப்யூட்டரு, இன்னா வேணா ஆவும். நாப்பத்தேழு வூட்டுப் படி ஏறி எறங்கனன்.” அடுத்த லாரி ஹாரன் அடித்தது. போய் ஏற்றிவிட்டு வந்தார். “மத்த வூடுங்களுக்கு நானே சொல்லிக்கறன். ரங்கம்மா வூட்டுக்கு மட்டும் நீ வந்து ஒன் வாயால சொல்லு.”

சாப்பாட்டு நேரத்தில் இருவரும் கருணாபுரம் போனார்கள். ரங்கம்மாள் அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. வாசலில் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே சுவரில் அந்த அடையாள அட்டைப் படம் காய்ந்த மாலையோடு தொங்கியது. சப்ரின் சொன்னாள். இரண்டாவது தடவை சொல்லும்போது எளிதாக இருக்கும் என்று நினைத்தாள்; இல்லை. ரங்கம்மாள் முறத்தை நிறுத்தவில்லை. எல்லாம் கேட்டு முடித்துவிட்டு ஆதிமூலத்தைப் பார்த்து, நீ எதுக்குண்ணா என் கால்ல வந்து வுழுந்த அன்னிக்கி என்றாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

சப்ரின் பையிலிருந்து அந்த ஆறு சீட்டை எடுத்து நீட்டினாள். படங்கள் போனாலும் எடைப் பதிவு போகவில்லை. அவள் கட்டளையில் விட்டுவைக்கச் சொன்ன நாலில் ஒன்று அது. அந்தந்த வருஷம் கொடுத்த சீட்டெல்லாம் இந்நேரம் எழுத்து மங்கிப் போயிருக்கும் என்று, பழனி என்று பெயர் போட்ட ஆறு வருஷத்துப் பதிவையும் தேடி அச்சடித்து வந்திருந்தாள்.

“படத்தக் கேட்டா எடையக் குடுக்கறியா” என்றாள் ரங்கம்மாள்.

சப்ரினுக்கு நீட்டிய கையை மடக்கவும் முடியவில்லை. கடைசியில் உள்ளேயிருந்து அபிநயா வந்து வாங்கிக்கொண்டாள். ஆறாவது படிக்கிற பெண். கதவோரம் நின்று உரக்க வாசித்தாள். நூற்று முப்பது. நூற்று நாற்பது. நூற்று நாற்பது. மறுபடி நூற்று நாற்பது. நூற்று அறுபது. நூற்று அறுபது.

முறம் நின்றது.

“ரெண்டாவது எந்த வருசம்?”

அபிநயா வருஷத்தைச் சொன்னாள். ரங்கம்மாள் முறத்தைக் கீழே வைத்து, கையைப் புடவையில் துடைத்து, அந்தச் சீட்டை மட்டும் வாங்கினாள். எழுத்துக் கூட்டத் தெரியாது; ஆனாலும் வெகுநேரம் பார்த்தாள். தெருவில் விளையாடிக்கொண்டிருந்த சின்ன மகனைக் கூப்பிட்டாள். ஐந்து வயது அவனுக்கு.

“இதுல நீ என் வயித்துல இருந்த. ஒங்கப்பா, நானு, அக்கா, நீ. நாலு பேரும் சேந்து நிக்கறம், பாரு.”

பையன் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அப்பா எங்க என்று கேட்டான். இந்தா, இந்த நம்பர்ல என்றாள் ரங்கம்மாள். அவனுக்குப் புரியவில்லை; ஓடிவிட்டான். அவன் போன பக்கமே பார்த்துக்கொண்டு ரங்கம்மாள் சொன்னாள்:

“எனக்கு அவரு மொகம் மறக்காது. இவளுக்கும் மறக்காது. அவனுக்குத்தான் ஒண்ணும் இல்லாமப் போச்சி.”

யாரையும் திட்டிச் சொல்லவில்லை. சும்மா சொன்னாள். ஆறு சீட்டையும் அடுக்கிப் பழனியின் படச் சட்டத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள். சப்ரினுக்குச் சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். போய்ட்டு வா என்று சொல்லவில்லை.

அலுவலகத்தில் சிவசங்கர் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள், பதினோரு இடத்துக்கும் போன் பண்ணிச் சொல்லிடு என்றார். சொன்னாள். இரண்டு இடத்தில் சத்தம் போட்டார்கள், ஒரு எடைமேடை வேறு புரோகிராமுக்கு மாறிவிட்டது. அப்பாவிடமும் அவளேதான் சொன்னாள். சாதுல்லா பாய், அந்தப் பெரியவருக்கு நீ சலாம் சொல்லிவிட்டு வந்தாயா என்று மட்டும் கேட்டார். அவள் வேலையில்தான் இருக்கிறாள். இப்போது அவள் கட்டுகிற பேக்கேஜ் பழைய மிச்சம் எதையும் அழிப்பதில்லை. தேதி போட்டு ஒரு ஓரமாக ஒதுக்கி வைக்கிறது. ஒதுக்கியதை அவள் பெயர் பெயராக வாசிக்கிறாள். அந்த இடத்து ஆளுக்குப் போன் பண்ணி, இது உங்களுடையதா, இது உங்களுடையதா என்று கேட்கிறாள். நேரம் பிடிக்கிறது. சிவசங்கர் பொறுத்துக்கொள்கிறார்.

ஆதிமூலத்தின் கை சுத்தம் என்று நாற்பத்தேழு வீட்டுக்கும் தெரிந்துவிட்டது. ஓனரே கூப்பிட்டு உள்ளே உட்காரச் சொன்னார். ஒரு நாள் காலையில் உட்கார்ந்து பார்த்தார். முதல் லாரி ஏறியது, எடை காட்டியது, விரல் பொத்தானுக்கு மேலேயே நின்றது. கீழே இறங்கவில்லை. கவியரசனைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். தொடவில்லை என்று ஆனபிறகும், தொட்டிருப்பேனோ என்று மூன்று வாரம் நம்பியது கைக்குள் தங்கிவிட்டது. அதைத் துடைக்கச் சப்ரினுக்கு ஒரு கட்டளையும் எழுதத் தெரியவில்லை.

ஆறு மணிப் போன் திரும்ப வரவில்லை. கவியரசன் யாரையும் கேட்காமல் கம்ப்யூட்டரை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போகிறான். சப்ரின் மட்டும் ஆறு அடிக்கிறவரை பையை எடுப்பதில்லை.

ஆதிமூலம் இப்போது கச்சிராயபாளையம் சாலையில், அதே எடைமேடையில், வெளியில், விசில் ஊதிக்கொண்டு இருக்கிறார்.